வயர் இல்லாமலே காரோடு சேரும் செல்போன்: ஷோரூம்ல கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போக தேசிய நெடுஞ்சாலை 744-ல் காரில் ஏறினால் சில நிமிடப் பயணம்தான். அந்த நேரத்துக்குள் டிரைவர் சீட்டில் இருப்பவர் எத்தனை தடவை போனைத் தொடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பாட்டு மாற்ற, ஒரு கால் எடுக்க, மில்லுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ வழி பார்க்க... கை தானாகப் போனுக்குப் போகும்.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு என்றுதான் இப்போது கார் நிறுவனங்கள் 'வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ, வயர்லெஸ் ஆப்பிள் கார்ப்ளே' என்று விளம்பரம் செய்கின்றன. காரில் ஏறி ஸ்டார்ட் செய்தால் போதும், பாக்கெட்டில் இருக்கும் போனின் மேப், பாட்டு, கால் எல்லாம் கார் திரையில் வந்து நிற்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது எப்படி வேலை செய்யுது? எல்லா போனிலும் வருமா? நெட் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? காரை விற்கும்போது நம்ம நம்பரெல்லாம் அதிலேயே தங்கிடுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, இது என்ன?

ஆப்பிள் நிறுவனம் கார்ப்ளேயை 2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் அறிமுகம் செய்தது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அறிவித்தது. இரண்டுமே ஆரம்பத்தில் யு.எஸ்.பி. வயரை நம்பியிருந்தவை. ஐபோனுக்கு 2015-ல் வந்த ஐ.ஓ.எஸ். 9 மூலம் வயர்லெஸ் வசதி கிடைத்தது. ஆண்ட்ராய்டில் 2018-க்குப் பிறகு படிப்படியாக வந்து, ஆண்ட்ராய்டு 11-க்குப் பின் பெரும்பாலான போன்களுக்குப் பரவியது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேப் காட்டுவது, பாட்டு தேடுவது, குரலைப் புரிந்துகொள்வது என எல்லா வேலையையும் செய்வது போன்தான். கார் திரை வெறும் டிவி மாதிரி. போன் அனுப்பும் படத்தைக் காட்டும். நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்பதைத் திரும்பப் போனுக்குச் சொல்லும். அதனால்தான் பழைய, மெதுவான போனை இணைத்தால் புத்தம் புது காரிலும் திரை தடுமாறும். கார் மேல் தப்பு இல்லை.

புளூடூத்தா, வை-ஃபையா?

இரண்டுமே. ஆனால் ஆளுக்கு ஒரு வேலை.

காரை ஸ்டார்ட் செய்ததும் முதலில் பேசிக்கொள்வது புளூடூத். 'நீதானே நேற்று வந்த போன்?' என்று கார் அடையாளம் கண்டுகொள்ளும். அடுத்து, தன்னிடம் உள்ள வை-ஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் புளூடூத் வழியாகவே போனுக்குக் கொடுக்கும். போன் அந்த வை-ஃபையில் இணைந்துகொள்ளும். அதன் பிறகு படம், பாட்டு, தொடுதல் தகவல் எல்லாம் வை-ஃபையில்தான் ஓடும். ஏறி உட்கார்ந்த பிறகு திரை வர சில நொடிகள் ஆவது இதனால்தான்.

ஏன் புளூடூத்திலேயே முடித்துக்கொள்ளவில்லை? நகரும் படத்தைத் தாமதம் இல்லாமல் அனுப்பும் அளவுக்கு அதற்கு வேகம் போதாது. சாதாரண புளூடூத் பாட்டை விட வயர்லெஸ் கார்ப்ளேயில் பாட்டு தெளிவாகக் கேட்பதாகப் பலர் சொல்வதற்கும் காரணம் இதுதான்: அங்கே பாட்டு வை-ஃபையில் வருகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் பாட்டு வை-ஃபையில் வந்தாலும், போன் கால் மட்டும் புளூடூத் வழியாகவே போகும். எனவே புளூடூத்தை ஆஃப் செய்தால் இரண்டுமே வேலை செய்யாது.

'கார்ல வை-ஃபை இருக்கு, அப்போ நெட் ஃப்ரீயா?'

இல்லை. இது பலருக்கும் வரும் குழப்பம். இந்த வை-ஃபை போனுக்கும் காருக்கும் இடையில் மட்டும் போடப்பட்ட ஒரு பாலம். அதில் இன்டர்நெட் கிடையாது. மேப்புக்கும் ஆன்லைன் பாட்டுக்கும் உங்கள் சிம்மில் உள்ள டேட்டாதான் செலவாகும்.

இதோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2019-ல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் போன்ற கார்கள் வந்தபோது 'கனெக்டெட் கார்' என்ற பேச்சு பரவியது. அதில் காருக்குள்ளேயே தனியாக ஒரு சிம் இருக்கும். கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, தூரத்தில் இருந்தே பூட்டுவது போன்றவை அதன் வேலை. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அதற்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கும் கார்ப்ளேக்கும் கூகுளோ ஆப்பிளோ உங்களிடம் மாதக் கட்டணம் வாங்குவதில்லை. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் கார்ப்ளேக்கு ஆண்டுக் கட்டணம் வசூலிக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதால் 2019 இறுதியில் அந்த முடிவைக் கைவிட்டது.

5 ஜிகாஹெர்ட்ஸ்: ஏமாற வைக்கும் இடம்

வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு போனில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வை-ஃபை இருக்க வேண்டும். வீட்டு ரவுட்டரில் '5ஜி' என்று ஒரு பெயர் தெரியுமே, அதுதான். இதற்கும் சிம் கார்டின் 5ஜி நெட்வொர்க்குக்கும் சம்பந்தம் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

விலை குறைந்த பல போன்களில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வை-ஃபை மட்டுமே உண்டு. அந்த போனை எவ்வளவு விலையுள்ள காரில் இணைத்தாலும் வயர்லெஸ் வராது. வயர் போட்டால்தான் வரும். பல லட்சம் கொடுத்து கார் எடுத்த பிறகு 'கார் சரியில்லை' என்று சர்வீஸ் சென்டருக்கு அலைபவர்களில் சிலருக்கு உண்மையான பிரச்சினை கையில் இருக்கும் போன்.

இதில் அரசின் பங்கும் ஒன்று இருக்கிறது. வை-ஃபை ஓடும் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இந்தியாவில் முன்பு கட்டுப்பாடுகள் அதிகம். அதில் பெரும்பகுதி கட்டடத்துக்குள் மட்டும்தான். 2018 அக்டோபரில் வந்த அறிவிப்பு, 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியேயும் பயன்படுத்த வழிவிட்டது. சாலையில் ஓடும் கார் 'வெளியே' தானே? வயர்லெஸ் வசதி இங்கே பரவ அந்த அறிவிப்பும் தோதாக அமைந்தது.

உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. போன் விவரக் குறிப்பில் 'டூயல் பேண்ட் வை-ஃபை' என்று இருந்தால் சரி. இல்லையென்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வசதியுள்ள ரவுட்டர் அருகே நின்று, அந்தப் பெயர் போனில் தெரிகிறதா என்று பாருங்கள்.

மலையடிவாரத்தில் சிக்னல் போனா என்ன ஆகும்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர்கள். செண்பகத்தோப்பு பக்கமோ, அய்யனார் அருவி பக்கமோ போனால் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைவது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளா போகும்போதும் இதே கதைதான். ஆடிப்பூரத் தேரோட்டம் மாதிரி பெருங்கூட்டம் கூடும் நாட்களில் டவர் இருந்தும் நெட் நகராது.

அப்போது கார் திரை அணைந்துவிடுமா? இல்லை. போனுக்கும் காருக்குமான இணைப்பு அப்படியே இருக்கும். ஜி.பி.எஸ். நேரடியாகச் செயற்கைக்கோளில் இருந்து வருவதால் அதற்கும் டவர் தேவையில்லை. நிற்பது மேப்பின் புதிய பகுதிகளும், நெரிசல் தகவலும், ஆன்லைன் பாட்டும்தான்.

தீர்வு: கிளம்பும் முன் வீட்டு வை-ஃபையில் இருக்கும்போதே கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை 'ஆஃப்லைன் மேப்' ஆக இறக்கி வைத்துவிடுங்கள். குற்றால சீசனுக்கோ சபரிமலைக்கோ போகிறவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. மேப் தமிழிலும் வழி சொல்லும். செட்டிங்கில் குரல் மொழியை மாற்றினால் போதும். போனை மூடிய பெட்டிக்குள் போட்டு வைத்தால் ஜி.பி.எஸ். பிசகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

வயரா, வயர்லெஸ்ஸா? எது நல்லது?

கடைக்கும் வீட்டுக்கும் போய் வரும் பயணத்துக்கு வயர்லெஸ் சௌகரியம். ஏறி இறங்கும்போதெல்லாம் வயரைச் சொருகிக் கழற்ற வேண்டாம், யு.எஸ்.பி. முனை தேயாது.

நீண்ட பயணத்துக்கு வயர்தான் இன்னும் கெட்டி. வயர்லெஸ்ஸில் போன் ஒரே நேரத்தில் படம் அனுப்புகிறது, ஜி.பி.எஸ். பார்க்கிறது, நெட் பிடிக்கிறது. பேட்டரி வேகமாக இறங்கும். அதற்காக வயர்லெஸ் சார்ஜர் பலகையில் வைத்தால் சூடு கூடும். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அதைவிட அதிகமாகக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போன் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும். அப்போதுதான் மேப் நடுவழியில் திக்கும்.

எனவே டேஷ்போர்டு மேல் வெயில் படும்படி போனை வைக்காதீர்கள். ஏ.சி. காற்று படும் இடத்தில் வையுங்கள். வயர் போடுவதென்றால் நல்ல தரமான, நீளம் குறைந்த கேபிள் முக்கியம். ரோட்டோரத்தில் வாங்கும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும்; டேட்டா கடத்தாது. 'வயர் போட்டும் வரலையே' என்பவர்கள் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது கேபிளைத்தான்.

புது கார் எடுக்கும்போது என்ன கேட்கணும்?

'சார், எல்லாமே வயர்லெஸ் சார்' என்று ஷோரூமில் சொன்னால் தலையாட்டி வந்துவிடாதீர்கள். ஒரே காரின் வெவ்வேறு வேரியன்ட்டில் வெவ்வேறு திரை வரும். இந்தியச் சந்தையில் சில மாடல்களில் வேடிக்கையான நிலைமையும் இருந்தது: நடுத்தர வேரியன்ட்டின் 8 அங்குலத் திரையில் வயர்லெஸ் இருக்கும், கூடுதல் காசு கொடுத்து வாங்கும் 10.25 அங்குலத் திரைக்கு வயர் தேவைப்படும். பெரிய திரையில் நிறுவனத்தின் சொந்த மேப்பும் மென்பொருளும் ஓடும் என்பதால் அமைப்பே வேறு.

கேட்க வேண்டியவை இவை:

1. நான் எடுக்கும் இந்த வேரியன்ட்டில் வயர்லெஸ் உண்டா? இப்போதே உண்டா, இல்லை 'பின்னால் அப்டேட்டில் வரும்' என்கிறீர்களா?
2. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் உண்டா?
3. என் போனை இப்போதே இணைத்துக் காட்ட முடியுமா? டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம் போனில் அல்ல, உங்கள் போனில் பாருங்கள்.
4. திரையின் மென்பொருள் அப்டேட் எப்படி வரும்? காசு வாங்குவீர்களா?
5. ஏ.சி.க்கும் சத்தத்துக்கும் தனி பட்டன் இருக்கா, எல்லாம் திரைக்குள்ளேயா?

ஐந்தாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் ஓட்டும்போது கண்ணைச் சாலையில் வைத்தபடி கையால் தடவித் திருக முடிகிற பட்டனின் அருமை பிறகுதான் புரியும்.

பழைய காருக்கு வழி இருக்கா?

இருக்கு, இரண்டு வழி. உங்கள் காரில் ஏற்கெனவே வயரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே இருந்தால், யு.எஸ்.பி.யில் சொருகும் ஒரு சின்ன அடாப்டர் போதும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். காரிடம் 'வயர் போட்ட போன்' போல நடித்து, போனிடம் வை-ஃபையில் பேசுவது அதன் வேலை. வயரிலும் வசதி இல்லாத காரில் இந்த அடாப்டரை வாங்கிப் பயன் இல்லை. வாங்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, அக்சஸரீஸ் கடையில் திரையையே மாற்றுவது. இங்கேதான் கவனம். 'அண்ணாச்சி, இது ஆண்ட்ராய்டு செட்' என்று கடைக்காரர் சொன்னால், அது ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று அர்த்தம் இல்லை. காருக்குப் பொருத்திய ஒரு டேப்லெட் என்றுதான் அர்த்தம். ஆண்ட்ராய்டு ஆட்டோ தனியாக வருமா என்று கேளுங்கள். பொருத்தும்போது ஒயரை வெட்டி ஒட்டாமல், காருக்கேற்ற கப்ளர் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். ஒயரை வெட்டினால் வாரன்டிக்குச் சிக்கல் வரலாம். சரியாக ஒட்டாத இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இது போன்ற வயர்லெஸ் கருவிகளுக்கு இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவின் ஒப்புதல் தேவை. பெட்டியில் பெயரே இல்லாத சரக்கில் அதை எதிர்பார்க்க முடியாது.

வீட்டில் நாலு பேர், நாலு போன்

ஒரு குடும்பம், ஒரு கார். அப்பா வண்டியை எடுக்கிறார்; வீட்டு வாசலில் நிற்கும் மகனின் போன் இணைந்துகொள்கிறது. மகனுக்கு வந்த கால் காரின் ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. பெரும்பாலான கார்கள் கடைசியாக இணைந்த போனையோ, முன்னுரிமை கொடுத்த போனையோதான் முதலில் தேடும். கார் செட்டிங்கில் வழக்கமாக ஓட்டுபவரின் போனுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால் இந்தச் சங்கடம் தீரும். மெசேஜ் வந்தால் திரையில் காட்டுவதையும் குரலில் வாசிப்பதையும் நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. சொந்தக்காரர்களோடு போகும்போது அது ரொம்ப அவசியம்.

காரை விற்கும் முன் இதைச் செய்யுங்க

ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் ஓடுவது போனில் என்பதால் மேப்பில் தேடிய விவரங்கள் பெரும்பாலும் போனிலேயே இருக்கும். ஆனால் புளூடூத் அப்படி இல்லை. இணைக்கும்போது 'கான்டாக்ட்ஸை அனுமதிக்கவா?' என்று கேட்டு நீங்கள் 'ஓகே' அழுத்தியிருந்தால், உங்கள் தொடர்பு எண்களும் கால் விவரமும் காரின் நினைவகத்தில் நகலாகியிருக்கலாம். காரின் சொந்த மேப்பில் 'வீடு' என்று பதிந்த முகவரியும் அங்கேதான் இருக்கும்.

அதனால் காரைக் கைமாற்றும் முன், திரையின் செட்டிங்கில் போய் 'ஃபேக்டரி ரீசெட்' செய்யுங்கள். உங்கள் போனிலும் அந்தக் காரின் பெயரை நீக்குங்கள். கனெக்டெட் கார் வசதி இருந்தால் அந்தக் கணக்கில் இருந்தும் காரை விடுவிக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்கும் இதே அறிவுரை, திருப்பிப் போட்டு: முதல் வேலையாக ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பது பழைய உரிமையாளரின் போனில் தெரிந்துகொண்டே இருக்கலாம்.

பாதுகாப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஏப்ரலில் ஒலிகோ என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஆப்பிளின் ஏர்ப்ளே தொழில்நுட்பத்தில் 'ஏர்போர்ன்' எனப் பெயரிட்ட ஓட்டைகளை வெளியிட்டது. கார்ப்ளே கருவிகளும் அதில் அடக்கம். காரின் வை-ஃபை பாஸ்வேர்டு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருந்தால் அருகில் இருப்பவர் நுழையும் வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னது. போனுக்கு அப்டேட் உடனே வந்துவிடும்; கார் திரைக்கு அது வந்து சேரத் தாமதமாகும். சர்வீஸுக்கு விடும்போது ஆயில் மாற்றியாச்சா என்று கேட்பதோடு, 'திரைக்கு அப்டேட் ஏதும் இருக்கா?' என்றும் கேளுங்கள்.

கையில் போன் இல்லை, அப்போ பாதுகாப்பா?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில் நாம் நினைக்கிற மாதிரி இல்லை.

பிரிட்டனில் ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட் அமைப்புக்காக டி.ஆர்.எல். ஆய்வகம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், ஓட்டுநர்களை சிமுலேட்டரில் அமர வைத்துச் சோதித்தார்கள். திரையைத் தொட்டு இயக்கியபோது எதிர்வினை ஆற்றும் நேரம் கார்ப்ளேயில் 57 சதவீதமும், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் தாமதமானது. கையில் போனைப் பிடித்துப் பேசுவதால் வரும் தாமதமே 46 சதவீதம்தான். குரலில் கட்டளை கொடுத்தபோது தாமதம் 36, 30 சதவீதமாகக் குறைந்தது. குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஒரு பாட்டைத் தேட 2 நொடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரி விட்டு வரும் பிள்ளைகளோ, சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தையோ, லைட் இல்லாத டிராக்டரோ வர அந்த 44 மீட்டர் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் ஆபத்தாக ஓட்டுதலில் சேர்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 3 ஆண்டுக்குள் மீண்டும் சிக்கினால் 10,000 ரூபாய் அபராதம், 2 ஆண்டு வரை சிறை என உயரும். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதி அனுமதிக்கிறது. காரின் திரை கையில் பிடிக்கும் கருவி இல்லைதான். அதற்காகத் திரையைப் பார்த்தபடி ஆபத்தாக ஓட்டினால் சட்டம் விட்டுவிடாது.

ஆக, பழக வேண்டியது ஒன்றுதான். போக வேண்டிய இடத்தையும் கேட்க வேண்டிய பாட்டையும் வண்டி நிற்கும்போதே போட்டுவிடுங்கள். நடுவில் மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள். யாரும் இல்லையா? ஓரமாக நிறுத்துங்கள்.

இனி எப்படி மாறும்?

2025 மே மாதம் ஆப்பிள் 'கார்ப்ளே அல்ட்ரா'வை ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் தொடங்கியது. ஸ்பீடோமீட்டர் உட்பட எல்லாத் திரையையும் போன் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்னொரு பக்கம், ஜெனரல் மோட்டார்ஸ் தன் எதிர்கால மின்சாரக் கார்களில் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டையும் தரப்போவதில்லை என்று 2023-ல் அறிவித்தது. டெஸ்லா ஆரம்பத்தில் இருந்தே தராமல் வந்த நிறுவனம். கார் திரை யாருக்குச் சொந்தம், அதில் சேரும் தகவல் யாருக்குப் போகும் என்ற போட்டி இது. நாளைக்கு நீங்கள் எடுக்கும் காரில் இந்த வசதி கட்டாயம் இருக்கும் என்று இன்றைக்கே நம்பிவிட முடியாது.

எனவே விளம்பரத்தில் 'வயர்லெஸ்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் முடிவு செய்யாமல், கையில் இருக்கும் போனோடு ஷோரூமுக்குப் போங்கள். இணைத்துப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள், கேள்வி கேளுங்கள். பிடித்தால் எடுங்கள். எடுத்த பிறகு கண் மட்டும் ரோட்டில் இருக்கட்டும்.